950 டாலர் கணக்கு இங்கே பொருந்தாது

“கலிஃபோர்னியாவில் 950 டாலருக்குள் திருடினால் குற்றமே இல்லை, அதனால்தான் தீயில் காலி செய்த வீடுகளில் புகுந்து அள்ளுகிறார்கள்” என்று லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீ பற்றிய இந்த உரையாடலில் மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு.

2014இல் வாக்கெடுப்பில் வந்த மாற்றம் திருட்டு விஷயத்தில் செய்தது இவ்வளவுதான்: 950 டாலரைத் தாண்டாத திருட்டு பொதுவாகச் சிறுகுற்றம் ஆனது. அதற்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

அப்புறம், வீடு. ஆள் குடியிருக்கும் வீட்டில் திருடும் நோக்கத்தோடு நுழைந்தாலே அது முதல்தரக் கன்னக்களவு (திருடுவதற்காகக் கட்டடத்துக்குள் புகும் குற்றம்). உள்ளே எடுத்தது நகையோ, பத்து டாலர் கடிகாரமோ, தண்டனை 2, 4 அல்லது 6 வருடம். உயிருக்குப் பயந்து நாலு நாள் வெளியேறியிருந்தாலும் அது குடியிருக்கும் வீடுதான்.

கடை என்றாலும் விலை உதவாது. கடைக்குள் நுழைந்து திருடுவதில் அந்த 950 டாலர் சலுகை, வியாபார நேரத்தில் கடை திறந்திருக்கும்போது மட்டும்தான். பூட்டிக் கிடக்கும் கடையின் கண்ணாடியை உடைத்து ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்தாலும் கன்னக்களவுதான். அவசரநிலை அறிவித்த மாவட்டத்தில் நடந்தால், தண்டனைச் சட்டத்தின் 463ஆம் பிரிவில் அது ‘கொள்ளை’ (looting) ஆகிவிடும். 2025 ஜனவரியில் இருந்த சட்டப்படி தண்டனை மூன்று வருடம் வரை போகலாம். நன்னடத்தைக் கண்காணிப்பில் (probation) விட்டாலும் பொதுவாக 180 நாளாவது சிறையில் இருக்க வேண்டும். 2025 ஜனவரி 7 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் தீ பரவிய அன்றே, ஆளுநர் நியூசம் அவசரநிலை அறிவித்துவிட்டார்.

வீட்டை இழந்து முகாமில் படுத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள். தங்களுக்குச் சட்டமே இல்லை என்று அவர்களை நம்பவைக்காதீர்கள். தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.