பெயர் வைத்த வருஷம் வேறு, தோண்டிய வருஷம் வேறு

அண்ணாச்சி, "குஜராத்தில் 2003-இல் புது டைனோசரைத் தோண்டி எடுத்தார்கள், நம்ம அம்பாசமுத்திரம் கல்குவாரியிலும் தோண்டினால் கிடைக்கும்" என்று போட்டிருக்கிறீர்கள். ரெண்டுமே தப்பு.

2003 என்பது அந்த டைனோசருக்கு ராஜசாரஸ் என்று பெயர் வைத்த வருஷம். எலும்புகளை குஜராத்தின் ரகியோலி கிராமத்தில் 1980-களின் தொடக்கத்திலேயே எடுத்தாயிற்று. அப்புறம் சுமார் இருபது வருஷம் கழித்து, மண்டையோட்டுத் துண்டுகளை மற்ற இனங்களோடு வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: நெற்றியில் குட்டையாக, மழுங்கலாக ஒரே ஒரு கொம்பு. புது இனம் என்றால் புதிதாகத் தோண்டியது என்று அர்த்தமில்லை. பழைய எலும்பைப் புதுக் கண்ணால் பார்த்தாலும் புது இனம்தான்.

குவாரி விஷயத்துக்கு வருவோம். அந்தக் குவாரிக் கல்லால் போட்ட உங்கள் வீட்டு வாசல்படியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடும். பூமிக்கு அடியில் வெந்து உருமாறிய பாறை அது, டைனோசர்களுக்குப் பல கோடி ஆண்டு மூத்தது. அதில் எலும்பு எப்படி இருக்கும்? ஆசையாக இருந்தால் அரியலூர்ப் பக்கம் போங்கள். அங்கே இருப்பது படிவுப் பாறை, அதாவது மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது; எலும்பு புதைந்து தங்குவது அதில்தான். அந்தப் பக்கத்துக் கல்லமேட்டில் டைனோசர் எலும்பே கிடைத்திருக்கிறது.