சுவரின் மேல் சிமென்ட் பூசியது யார்?

தாத்தா கட்டிய ஓட்டுவீட்டை நாங்களே பழுதுபார்த்துக் குடியேறிக்கொண்டிருக்கிறோம். கிணற்றுநீர், கொல்லையில் கீரை, இது போதும் என்றுதான் நகரத்தை விட்டு வந்தோம். ஆனால் சுண்ணாம்புச் சுவரின் மேல் யாரோ சிமென்டைப் பூசிவைத்திருக்கிறார்கள்! ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. உளியால் தட்டினால் பூச்சு பாளம்பாளமாக விழுகிறது. பின்னால் செங்கல் மாவாக உதிர்கிறது. பத்து நாளாக இதே வேலை. சோற்றுப்பானையிலும் தூசி, பிரிக்காத பெட்டிகளின் மேலும் தூசி. கடையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு கேட்டால் வெள்ளையடிக்கும் பொட்டலத்தை நீட்டுகிறார்கள். கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீரில் சாந்து குழைக்கத் தெரிந்த கொத்தனார் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும், “சிமென்டே பூசிவிடலாம், ஒரே நாளில் முடியும்” என்கிறார்கள். அந்த ஒரு நாள் வேலையைத்தானே நான் பத்து நாளாகக் கொத்தி எடுத்துக்கொண்டிருக்கிறேன்!