ஏஜினாவில் கோயில், மியூனிக்கில் அதன் ஆட்கள்

ஜெர்மனியின் மியூனிக் ம்யூசியத்தில் தலையை, அதாவது சிற்பங்களைப் பார்த்து இரண்டு வருஷம் கழித்து, போன மாதம் கிரேக்க நாட்டின் ஏஜினா தீவில் போய் உடம்பை, அதாவது அவை இருந்த கோயிலைப் பார்த்தேன். வரிசை தலைகீழ்தான், ஆனால் அஃபாயா என்ற உள்ளூர்ப் பெண் தெய்வத்தின் இந்தக் கோயில் விஷயத்தில் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் வாய்க்கும்.

ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வேகப் படகில் சுமார் 40 நிமிஷம். அங்கிருந்து பஸ், வழியெல்லாம் பிஸ்தா தோப்பு. பைன் மரங்களுக்கு நடுவே மேட்டில் இறக்கிவிட்டார்கள், இறங்கினால் காதைத் துளைக்கிற சில்வண்டுச் சத்தம். கோயில் சுமார் 2500 வருஷப் பழசு. 32 வெளித்தூண்களில் பெரும்பாலானவை இன்னும் நிற்கின்றன. இதையும் வெள்ளைப் பளிங்குக் கோயில் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல், மேலே சுதை பூசி, அங்கங்கே பளிச்சென்று வண்ணமும் அடித்திருந்தார்கள். பூச்சு உதிர்ந்துபோய் இப்போது தேன் நிறத்தில் பொத்தல் பொத்தலாக நிற்கிறது, எனக்கு இதுவே பிடித்திருந்தது. வெளித்தூண்களில் மூன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒற்றைக் கல். அந்த மூன்றை மட்டும் துண்டு துண்டாக அடுக்கியிருக்கிறார்கள், உள்ளே கல் ஏற்றிப்போக வழி விட்டுவிட்டுக் கடைசியில் அடைத்ததால் அப்படி என்கிறார்கள். கட்டட வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

பக்கத்தில் ஒரு வழிகாட்டி, இந்தக் கோயிலும் ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலும் சூனியன் முனையில் இருக்கிற கடல் கடவுள் பொசைடனின் கோயிலும் சேர்ந்து 'புனித முக்கோணம்', முன்னோர்கள் கணக்குப் போட்டுக் கட்டியது என்று அடித்து விட்டுக்கொண்டிருந்தார். ஐயா, எந்த மூன்று இடத்தை இணைத்தாலும் முக்கோணம்தானே வரும்! பார்த்தினன் வேலை தொடங்கியதே கி.மு. 447இல், இது நின்று அரை நூற்றாண்டு ஆன பிறகு. அதுவும் ஏஜினாவும் ஏதென்ஸும் ஜென்மப் பகையாளிகள், கி.மு. 431இல் ஏதென்ஸ்காரர்கள் இந்தத் தீவு மக்களையே மொத்தமாக விரட்டினார்கள். இவர்களா கூட்டாக வரைபடம் போட்டார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோயிலின் முன்னும் பின்னும் கூரைக்குக் கீழே இருந்த முக்கோண முகப்புகள்தான் இதன் உயிர். இரண்டிலும் ட்ராய் போர்க் காட்சிகள், நடுவில் அதீனா தேவி, இரண்டு பக்கமும் வீரர்கள். சிற்பங்கள் மட்டும் பாரோஸ் தீவுப் பளிங்கு. மேற்கு முகப்பின் மூலையில் ஒருவன் மார்பில் தைத்த அம்பைப் பிடுங்கிக்கொண்டே புன்னகைக்கிறான், ஏதோ போட்டோவுக்கு நிற்பது மாதிரி. கிழக்கு முகப்பின் மூலையில் இன்னொருவன், கேடயத்தில் சாய்ந்து சரிகிறான், முகத்தில் சிரிப்பில்லை, உடம்பின் பாரம் நமக்கே தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே சில வருஷ இடைவெளிதான். அதற்குள் ஒரு சிற்பிக் கூட்டம் சாவைச் செதுக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. மியூனிக்கில் அந்தக் கிழக்கு வீரன் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன்.

இந்தச் சிற்பங்கள் மியூனிக்குக்குப் போன கதை கூத்து. 1811இல் காக்கரெல் என்ற ஆங்கில இளைஞரும் ஹாலர் என்ற ஜெர்மானியரும் நண்பர்களோடு வந்து தோண்டினார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஆட்சேபித்தபோது 800 பியாஸ்தர் (அந்தக் கால ஒட்டோமான் நாணயம்) கொடுத்துச் சரிக்கட்டினார்கள், அப்போது ஒட்டோமான் ஆட்சி. 1812இல் ஜாண்டே தீவில் ஏலம். சிற்பங்களைப் பத்திரத்துக்காக மால்டாவுக்கு அனுப்பியிருந்ததால் பிரிட்டிஷ் ம்யூசியத்தின் ஆள் ஏலமும் அங்கேதான் என்று நினைத்து மால்டாவில் போய் நிற்க, பவேரிய இளவரசர் லுட்விக்கின் ஆள் ஜாண்டேவில் தட்டிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் ரோமில் தோர்வால்ட்சன் என்ற டென்மார்க் சிற்பி இல்லாத கை, கால், தலையெல்லாம் புதிதாகச் செய்து ஒட்டினார். 1960களில் அதை எல்லாம் மறுபடி கழற்றினார்கள்.

என் கட்சி இதுதான்: இவை ஏஜினாவுக்குத் திரும்ப வேண்டும். பிரிட்டிஷ் ம்யூசியத்தில் இருக்கிற பார்த்தினன் சிற்பங்களுக்காக உலகமே சண்டை போடுகிறது, இவற்றுக்காகக் குரல் கொடுப்பவர்கள் குறைவு. காசு கொடுத்துத்தானே வாங்கினார்கள் என்பீர்கள். அடுத்தவன் ஆட்சியில் இருக்கிற ஊரில் நாலு பெரியவர்கள் கையில் திணித்த காசு விலையாகுமா? விட்டிருந்தால் பளிங்கைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் காளவாயில் போயிருக்கலாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். காப்பாற்றியதற்கு நன்றி சொல்லலாம். அதற்காக இருநூறு வருஷமா வைத்துக்கொள்வது?

இன்னொன்றும் சொல்லணும். 1901இல் ஃபுர்ட்வெங்லர் என்ற ஜெர்மன் தொல்லியலாளர் தோண்டிய பிறகுதான், ஒரு கல்வெட்டை வைத்து, இது அஃபாயாவின் கோயில் என்றே உறுதியானது. அதுவரை ஜீயஸ் கோயில் என்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதாவது கோயில் யாருடையது என்று சரியாகத் தெரிவதற்கு 90 வருஷம் முன்பே அதன் சிற்பங்கள் விற்றுப்போயிருந்தன.

மேற்குப் பக்கம் போய் அந்தச் சிரிக்கிறவன் இருந்திருக்க வேண்டிய மூலையை அண்ணாந்து பார்த்தேன். வெறும் வானம். என் மனைவி கேட்டாள், "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" ஆமாம் என்றேன். கீழே இறங்கி ஒரு பொட்டலம் பிஸ்தா வாங்கிக் கொடுத்ததும்தான் சமாதானம் ஆனாள்.