பறக்கும் படைக்கு ஒரு பரீட்சை

(காலை பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் சபாபதி, இணையப் படிப்பின் தேர்வுக்காக லேப்டாப் முன் உட்கார்ந்திருக்கிறார். மனைவி சரோஜா அடுப்படி வாசலில்.)

சபாபதி: குக்கரை அணைத்துவிடு. சத்தம் கேட்டால், தேர்வைக் கண்காணிக்கும் மென்பொருள் பக்கத்தில் ஆள் இருப்பதாக எழுதிக்கொள்ளுமாம்.

சரோஜா: மூன்று விசில் விட்டால்?

சபாபதி: மூன்று பேர் என்று எழுதும்.

சரோஜா: ஆதார் அட்டையைக் காட்டியாச்சா?

சபாபதி: காட்டினேன். அதில் இருப்பது நான் இல்லை என்கிறது.

சரோஜா: ரேஷன் கடைக்காரரும் அதைத்தானே சொன்னார்.

சபாபதி: மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் நான்தான் என்று ஒத்துக்கொள்கிறது. ஆனால் கழற்றினால் கேள்வி தெரியாது. முன்பு, 2013 வாக்கில், கோர்ஸெரா என்ற இணையப் படிப்புத் தளத்தில் தட்டச்சு செய்யும் தாளத்தை வைத்தே ஆளை அடையாளம் பார்த்தார்கள்.

சரோஜா: உங்கள் ஒற்றை விரலுக்கு ஏது தாளம்? கோழி நெல் பொறுக்குகிற மாதிரி தட்டுவீர்கள்.

சபாபதி: இப்போது அறையைச் சுற்றிக் காட்டச் சொல்கிறது. (லேப்டாப்பைத் தூக்கிச் சுழற்றுகிறார்.) ஐயோ, இன்னொரு முகம் தெரிகிறதாம்!

சரோஜா: உங்கள் அப்பா படம்தான். மாலை போட்டிருப்பது கூடவா அதற்குத் தெரியவில்லை? அவரே எட்டாவது ஃபெயில், அவர் எங்கே சொல்லித்தரப் போகிறார்?

சபாபதி: இதெல்லாம் அநியாயம். அமெரிக்காவில், ஓஹையோவில், ஒரு மாணவர் வழக்கே போட்டார். தேர்வுக்கு முன் அவர் படுக்கையறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2022-ல் தீர்ப்பு வந்தது.

சரோஜா: நீங்கள் பறக்கும் படையில் போனபோது எந்தக் கோர்ட்டைக் கேட்டீர்கள்? ஒரு பையன் அரணாக்கயிற்றில் கட்டியிருந்த பிட்டை உருவினதை என் தங்கை கல்யாணப் பந்தியில் சொல்லிச் சிரித்தீர்கள். பாயசம் பரிமாறுகிற நேரம்.

சபாபதி: அது வேறு.

சரோஜா: எதிர்வீட்டுப் பெண் மாதிரி, ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையப் படிப்பான என்பிடெல்லில் சேர்ந்திருக்கலாம். பாடம் வீட்டில், பரீட்சை மையத்தில். ஹால் டிக்கெட்டையும் முகத்தையும் மனுஷர் பார்ப்பார்.

சபாபதி: அங்கே அசைன்மென்ட்டுக்கு 25 மதிப்பெண்தான். மீதி 75-ம் அந்தப் பரீட்சைக்கு.

சரோஜா: நியாயம்தானே? வீட்டில் எழுதுவதை யார் எழுதினார் என்று யாருக்குத் தெரியும்? உங்கள் அசைன்மென்ட்டை எல்லாம் ராகவன்தானே...

சபாபதி: மெதுவா! மைக் ஓடுகிறது!

சரோஜா: ஓ. உங்கள் மகனுக்கு நல்ல மதிப்பெண் வந்ததா என்று கேட்க வந்தேன்.

சபாபதி: (திரையைப் பார்த்து) அப்பாடா, முகம் சரி, அறையும் சரி என்கிறது. கடைசியாக ஒரு ரகசியக் கேள்வி. பதிவு செய்தபோது கொடுத்த பதிலையே தட்ட வேண்டுமாம். (படிக்கிறார்.) "உங்கள் மனைவி பிறந்த தேதி?"

(அமைதி.)

சரோஜா: தட்டுங்களேன்.

சபாபதி: பதிவு செய்தது ராகவன்... சரோஜா, நீ ஆவணியா, புரட்டாசியா?

(சரோஜா உதட்டில் விரலை வைத்து, கேமராவைக் காட்டிவிட்டு, அடுப்படிக்குள் போகிறாள். கொஞ்ச நேரத்தில் முதல் விசில்.)