கெட்ட மறுநாள் ஆள் கூப்பிடுவீர்களா?

வைஃபை விளக்கு, டிஜிட்டல் பூட்டு என்று வீட்டுப் பொருள் எல்லாவற்றையும் இப்போது 'ஸ்மார்ட்' ஆக்கி விற்கிறார்கள். ரிமோட்டை அழுத்தினால் மோட்டாரால் திறந்து மூடும் வாசல் கேட், அதாவது ஆட்டோகேட்டை, 'ஸ்மார்ட்' என்று சொல்லி யாரும் நம் தலையில் கட்டவில்லை. ஆனாலும் செந்தூல், கெப்போங் பக்கத் தாமான்களில் நடந்து பாருங்கள், தரைவீட்டு வாசல்களில் அந்த மோட்டார்க் கை அடுத்தடுத்துத் தெரியும். கோலாலம்பூர் மழையில் காரைவிட்டு இறங்கிக் கேட்டைத் தள்ள யாருக்கும் மனமில்லை. இரவு பதினொரு மணிக்கு வாசலில் காரை நிறுத்தி இறங்கப் பயம். இரண்டையும் ஒரே பொத்தான் தீர்த்தது. ரிமோட்டைப் பாட்டி கையில் கொடுத்தாலும் எதை அழுத்துவது என்று அவர் கேட்க மாட்டார்.

ஒரு பொருள் மக்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்பதை அறிய விற்பனைக் கணக்கைப் பார்க்காதீர்கள். தீபாவளி விலைக்கழிவிலும் 11.11 இணைய விலைக்கழிவிலும் எதை வேண்டுமானாலும் விற்றுவிடலாம். அது கெட்டுப்போன பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆட்டோகேட் நின்றால் மறுநாளே ஆள் கூப்பிடுகிறார்கள். வைஃபை விளக்கு நின்றால் சுவரில் இருக்கும் பழைய சுவிட்சுக்குப் போய்விடுகிறார்கள், செயலி கைப்பேசியின் மூன்றாம் பக்கத்தில் தூங்குகிறது. என் அளவுகோல் இந்த ஒன்றுதான். வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் அதில் வைத்துப் பார்க்கலாம்.

ஆட்டோகேட்டும் கெடும், ஆனால் கெடும் காரணங்கள் கைக்கு எட்டுபவை. கேட் பாதியில் மெதுவாகி நின்றால் முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள். பல டிசி மாடல்களில் உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி. நம் வெயிலில் இரண்டு மூன்று ஆண்டுதான் தாங்கும். மெயின் சப்ளையை அணைத்துவிட்டு ரிமோட்டை அழுத்திப் பாருங்கள். முழுதாக ஒருமுறை திறந்து மூடவில்லை என்றால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் பல்லி புகுந்து போர்டில் ஷார்ட் ஆவது நம் ஊரில் சாதாரணம். வயர் நுழையும் துளையைச் சிலிகான் வைத்து அடைத்தால் பாதித் தொல்லை தீரும். தரைக்கடியில் பதிக்கும் மோட்டாராக இருந்தால் குழியில் மழைநீர் வடிய வழி இருக்கிறதா என்று பொருத்தும்போதே பார்த்துவிட வேண்டும், பிறகு தோண்டுவது பெரிய வேலை. மின்சாரம் இல்லாதபோது மோட்டாரை விடுவிக்க ஒரு சாவி உண்டு. அது எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒருமுறையாவது அதைத் திருப்பிப் பார்த்திருக்கவும் வேண்டும்.

இப்போது வைஃபை சுவிட்சுக்கு வருவோம். இங்கேதான் நம் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

பழைய வரிசை வீடுகளிலும் பழைய அடுக்குமாடிகளிலும் மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் கூரை வழியாக நேராக விளக்குக்குப் போய்விடும். சுவர்ப் பெட்டிக்குள் இறங்குவது மின்சாரம் வரும் லைவ் ஒன்று, அங்கிருந்து விளக்குக்கு ஏறும் வயர் ஒன்று, அவ்வளவுதான். சாதாரண சுவிட்சுக்கு அது போதும். வைஃபை சுவிட்சுக்கு உள்ளே ஒரு சிறிய கணினி இருக்கிறது, விளக்கு அணைந்திருக்கும்போதும் அதற்கு மின்சாரம் வேண்டும், அதாவது நியூட்ரல் வேண்டும். இணையத்தில் நான்கு வாங்கி வந்து, பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் பலருக்கும் இது தெரியவருகிறது.

அதற்காக 'நியூட்ரல் தேவையில்லை' என்று தனி மாடல்கள் விற்கிறார்கள். அவை தமக்கு வேண்டிய சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே இழுத்துக்கொள்கின்றன. பழைய குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது. 3 வாட், 5 வாட் எல்இடி கண்டுகொள்ளும்: அணைத்த பிறகும் இரவில் மங்கலாக எரியும், அல்லது விட்டுவிட்டுக் கண் சிமிட்டும். அதற்கு மருந்தாகக் கெபாசிட்டர் என்ற சிறு மின் உறுப்பு ஒன்று பெட்டியோடு வரும். அதைச் சுவிட்சில் பொருத்தக் கூடாது, விளக்குக்கு இணையாகக் கூரையில் பொருத்த வேண்டும். ஏணி, வயர்மேன், கூலி என்று செலவு அங்கே ஆரம்பிக்கிறது. பெட்டியின் ஆழம் இன்னொரு சிக்கல். பழைய ஆழமில்லாத பெட்டிக்குள் இந்தச் சுவிட்சை வயர்களோடு திணித்தால் வயர் நசுங்கும். 35 மில்லிமீட்டருக்குக் குறைந்த பெட்டி என்றால் வேண்டவே வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நியூட்ரல் இல்லையே என்று பச்சை எர்த் வயரை நியூட்ரலாக இணைத்துத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். விளக்கு எரியும், செயலியும் வேலை செய்யும், வீட்டுக்காரர் நன்றி சொல்லிப் பணம் கொடுப்பார். ஆனால் மின்னோட்டம் எர்த்தில் திரும்புகிறது. கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி காரணம் தெரியாமல் அடிக்கடி விழலாம். அந்த எர்த் எங்காவது துண்டுபட்டால், அதே வயரில் இணைந்த இரும்பு உடல் கொண்ட கருவிகளில் மின்சாரம் ஏறி நிற்கும். உயிருக்கே ஆபத்து. அப்படி யாராவது செய்ய வந்தால் வேலையை நிறுத்தி அனுப்பிவிடுங்கள்.

இவ்வளவும் தாண்டிப் பொருத்தினாலும் அடுத்தது ரூட்டர். இந்தச் சுவிட்சுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் பேசும். இன்றைய ரூட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டுகின்றன. கைப்பேசி 5-ல் இருந்தால் இணைப்பு 99 விழுக்காடு வரை போய்த் தோற்கலாம். ரூட்டரில் விருந்தினர் வைஃபை ஒன்றை 2.4-க்கு மட்டும் திறந்து, இந்தக் கருவிகளை எல்லாம் அதிலேயே வைத்திருங்கள். வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை நாளைக்கு மாற்றினாலும் விளக்குகள் அறுந்து போகாது. இல்லையென்றால் கடவுச்சொல் மாறிய அன்று ஒவ்வொரு சுவிட்சாகப் போய் ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து, சிமிட்ட வைத்து, மறுபடி சேர்க்க வேண்டும். பன்னிரண்டு சுவிட்ச் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ஸ்மார்ட் பல்பு வேறு வகை. சுவர்ச் சுவிட்சை யாராவது அணைத்துவிட்டால் அது வெறும் பல்பு. அதனால்தான் பல வீடுகளில் சுவிட்சின் மேல் டேப் ஒட்டியிருக்கிறது. விருந்துக்கு வந்த அத்தை இருட்டில் கையை வைத்துத் தடவும் இடம் அதே சுவர்தான், அதன்மேல் டேப் ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கோ ஒரு நிறுவனம் தன் சர்வரை அணைத்தால் நம் வீட்டுச் சுவர் செத்துப்போவது எல்லாவற்றிலும் பெரிய குறை. ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு மையம் 2016 மே மாதத்தில் இப்படித்தான் வேலை செய்யாமல் போனது. இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டு நிறுவனத்தின் சர்வர் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் இருண்டது. நெஸ்ட் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கும் 2025 அக்டோபரில் இணையத் தொடர்பு நின்றது. ஆனாலும் அந்தக் கருவியின் குமிழைக் கையால் திருப்பினால் அது இன்னும் வேலை செய்கிறது. குமிழ் இருந்ததால் பிழைத்தது. மேட்டர் (Matter) என்ற பொதுத்தரம் 2022 அக்டோபரில் வெளிவந்தது. அதன்படி செய்த கருவிகள் வெளியே உள்ள சர்வர் இல்லாமல் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே பேசிக்கொள்ள முடியும். வாங்கியே தீருவேன் என்பவர்கள் பெட்டியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

படுக்கையில் இருக்கும் பெரியவருக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் குரலால் விளக்கு போடுவது பெரிய விடுதலை. அந்த வீட்டில் அது கெட்டால் மறுநாளே சரிசெய்வார்கள். ஆகவே தொழில்நுட்பத்தைக் குறை சொல்லவில்லை, தேவையில்லாத கையில் அதைத் திணிப்பதைத்தான் சொல்கிறேன். சாமி மேடை விளக்கு ஆறு மணிக்கு எரிந்து பத்து மணிக்கு அணைய வேண்டும் என்றால், சுற்றிலும் 96 பற்கள் கொண்ட பிளக் டைமர் போதும். பல் ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம். மின்தடை வந்தால் தடைபட்ட நேரம் அளவுக்குப் பிந்தி ஓடும், வட்டைக் கையால் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம்.

டிஜிட்டல் பூட்டை மேலே சொன்னவற்றோடு சேர்க்க மாட்டேன். கொண்டோவில் சாவியை மறந்து வெளியே நிற்பது நிஜமான தொல்லை, அதை இது தீர்க்கிறது. ஆனால் வாங்கும் முன் சிலவற்றைக் கவனியுங்கள். ரேகை உணரி எல்லா விரலையும் படிக்காது. வயதானவர்களின் விரல், சிமென்ட் வேலை செய்பவரின் விரல், நாள் முழுக்கப் பாத்திரம் கழுவும் விரல் எல்லாம் தேய்ந்தும் காய்ந்தும் இருக்கும். ஒரே விரலை மூன்று கோணங்களில் மூன்று தடவை தனித்தனிப் பதிவாக ஏற்றுங்கள், இரண்டு கைகளிலிருந்தும் ஒவ்வொரு விரல் இருக்கட்டும். அதன் பிறகும் படிக்காதவருக்கு அட்டையோ எண்ணோ கொடுத்துவிடுங்கள், வாசலில் நின்று விரலைத் துடைத்துக்கொண்டே இருக்கும் நிலைமை அவருக்கு வரக்கூடாது.

பேட்டரி அல்கலைனாக இருக்கட்டும். மலிவான கார்பன் பேட்டரி ஒழுகி முனைகளை அரித்துவிடும். திரும்பச் சார்ஜ் ஏற்றும் வகை 1.2 வோல்ட்தான் தரும், பூட்டு அதைத் தீர்ந்த பேட்டரி என்று எண்ணித் தவறாக எச்சரிக்கும். எச்சரிக்கை ஒலி வந்த வாரமே எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றுங்கள், பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். பல மாடல்களில் வெளிப்பக்கம் கீழே இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். 9 வோல்ட் சதுர பேட்டரியை அதில் வைத்துப் பிடித்தால் திறக்கும் அளவுக்கு உயிர் வரும். அந்த பேட்டரியும் இயந்திரச் சாவியும் வீட்டுக்குள் இருந்தால் என்ன பயன்? காரிலோ நம்பிக்கையான பக்கத்து வீட்டிலோ வையுங்கள். சாவித்துளையே இல்லாத மாடலை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மேற்கு வெயில் நேராக விழும் கதவிலும் வேண்டாம்.

வைஃபை வைத்த சலவை இயந்திரத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. துணியைப் போடுவதும் சோப்பு ஊற்றுவதும் கைதான். அலுவலகத்திலிருந்து ஓடவிட்டால், முடிந்த துணி நம் ஈரக்காற்றில் மூடிய தொட்டிக்குள் மணிக்கணக்கில் கிடந்து வாடை எடுக்கும். பெண்கள் கேட்பது வேறு. தண்ணீர்த் தடைக்குப் பிறகு கலங்கல் வந்து, பின்னால் குழாய் நுழையும் இடத்தில் இருக்கும் சிறு வலை அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் ஏறவில்லை என்று இயந்திரம் நின்றுவிடுகிறது. குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, வலையைக் குறட்டால் இழுத்துப் பல்துலக்கியால் தேய்த்தால் ஐந்து நிமிட வேலை. அந்த வலையை முன்பக்கம் வைத்துச் செய்தால், வைஃபை இல்லாவிட்டாலும் அந்த இயந்திரத்தைத்தான் வாங்கச் சொல்வேன்.

அடுப்பில் தொடுதிரை எதற்கு என்றும் எனக்குப் புரியவில்லை. கொதித்து வழிந்த சாம்பார் கண்ணாடியில் பட்டதும் அது விரலா தண்ணீரா என்று தெரியாமல் பல இண்டக்‌ஷன் அடுப்புகள் அணைந்துவிடுகின்றன. தாளிக்கும்போது எண்ணெய்க் கையால் தொட்டால் கேட்பதில்லை. தொடுதிரைத் தொல்லை அடுப்போடு நிற்பதில்லை. 2017 ஆகஸ்ட் 21-ஆம் தேதி நம் ஜொகூர்க் கடல் அருகே அமெரிக்காவின் ஜான் எஸ். மெக்கெயின் போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பலோடு மோதிப் பத்து மாலுமிகள் இறந்தார்கள். விசாரணையில் தொடுதிரைக் கட்டுப்பாட்டின் வடிவமைப்பும் பேசப்பட்டது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கைப்பிடி நெம்புகோலையே திரும்பக் கொண்டுவர அந்தக் கடற்படை 2019-இல் முடிவெடுத்தது. ஈரக் கையும் அவசரமும் உள்ள சமையலறைக்குக் குமிழ் போதும்.

நம் வீடுகளில் உண்மையாகவே வேண்டப்பட்ட இயந்திரம் எது என்று கேட்டால் டேபிள் டாப் கிரைண்டரைக் காட்டுவேன். 2 லிட்டர், ஒரு சுவிட்ச், கல். அது நின்றால் அந்த வாரமே சரிசெய்தாக வேண்டும், மாவுக்கு வழி வேண்டுமே. மோட்டார் உறுமுகிறது ஆனால் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, பழையதன் மேல் அச்சிட்டுள்ள மைக்ரோஃபாரட் (அதன் கொள்ளளவு, µF) எண்ணையும் வோல்ட் எண்ணையும் படம் எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் ஜாலான் பாசார் உதிரிபாகக் கடைக்குப் போங்கள். மைக்ரோஃபாரட் அதே எண்ணாக இருக்க வேண்டும், வோல்ட் அதற்குக் குறையக் கூடாது. உள்ளே சேமிப்பு மின்சாரம் இருக்கலாம், முனைகளை விரலால் தொடாதீர்கள்.

இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கிரைண்டர் என்றால் மின்னழுத்தம் இங்கும் அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். உருண்டைப் பிளக்கை வெட்டி நம் சதுர முள் பிளக்கைப் போடும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கடையில் விற்கும் பிளக்குக்குள் பொதுவாக 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். 150 வாட் கிரைண்டர் ஓடும்போது ஏறக்குறைய ஒரு ஆம்பியர்தான் இழுக்கும். அந்த மெல்லிய வயர் சூடாகி உருகும் வரை 13 ஆம்பியர் ஃபியூஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். கிரைண்டருக்கு 3 ஆம்பியர், 750 வாட் மிக்சிக்கு 5 ஆம்பியர். ஃபியூஸின் உடம்பிலேயே எண் இருக்கும், திருகை மூடும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.