தலைப்பிலேயே விஷயம் இருக்கட்டும்
'தலைப்பில் விஷயத்தைச் சொல்லிவிட்டால் யாரும் உள்ளே போய்ப் படிக்க மாட்டார்கள்' என்று செய்தித் தலைப்புகளைப் பற்றிய ஒரு கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மனிதன் நிலவில் இறங்கிய மறுநாள், 1969 ஜூலை 21 அன்று, நியூயார்க் டைம்ஸ் போட்ட தலைப்பு 'மென் வாக் ஆன் மூன்', நாலே சொல், முழுச் செய்தியும் அதிலேயே இருக்கிறது, அதற்காக அன்று யாராவது பேப்பரைப் படிக்காமல் மடித்து வைத்திருப்பார்களா? போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே போனைப் பார்த்தால் 'பள்ளிகளுக்கு விடுமுறையா? ஆட்சியர் முக்கிய அறிவிப்பு' என்று ஒரு தளத்தில் தலைப்பு, எந்த மாவட்டம் என்றே இல்லை. திறந்து, விளம்பரத்தையெல்லாம் தள்ளிவிட்டுக் கீழே போனால் அது வேறு மாவட்டம்! மாவட்டத்தின் பெயரையும் 'இன்று விடுமுறை' என்பதையும் தலைப்பிலேயே போட்டிருந்தால் அந்தத் தளத்தை தினமும் திறப்பேன், இப்போது அதன் பெயரைப் பார்த்தாலே தள்ளிவிட்டுப் போய்விடுகிறேன்.