அந்த டேங்க் வெறும் பாட்டில் இல்லை

கார் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் டேங்கை "வழிவதைப் பிடிக்கும் பாட்டில்" என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பழைய வண்டிகளுக்கு அது சரி. அவற்றில் அழுத்த மூடி, அதாவது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி, ரேடியேட்டர் மேல் இருக்கும். சூடேறி விரியும் கூலன்ட் மூடியின் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு பாட்டிலுக்குப் போகும். இன்ஜின் ஆறியதும் மூடியிலுள்ள சின்ன வால்வு வழியாகத் திரும்ப உறிஞ்சப்படும். பாட்டிலில் அழுத்தமே கிடையாது.

இப்போது வரும் பல கார்களில் அழுத்த மூடியே டேங்கின் மேல்தான். டேங்கை உயரத்தில் வைத்திருப்பதும் சும்மா இல்லை. கூலன்ட்டில் மாட்டிய காற்றுக் குமிழிகள் மெல்லிய ஹோஸ் வழியே அங்கே வந்து பிரிந்துவிடும். மேலே விட்டிருக்கும் காலி இடம் கூலன்ட் விரிவதற்கு. 'நல்லா இருக்கட்டும்' என்று கழுத்துவரை ஊற்றுகிறவர்கள் அந்த இடத்தைத்தான் அடைக்கிறார்கள்.

போன மே மாதம் சென்னை கத்திப்பாரா நெரிசலில் என் வண்டியில் டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போனது. ஒழுகல் எங்கும் இல்லை. கடைசியில் பார்த்தால் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து அழுத்தம் நிற்கவில்லை! தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரணமாக 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். 1 பார் கூடுதல் அழுத்தம் இருந்தால் 120 தாண்டியும் தாங்கும். அப்புறம், மூடி வாங்கப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளுக்குப் போகிறவர்கள் பழைய மூடியையும் கையோடு கொண்டுபோங்கள். அதில் பொறித்த அழுத்த எண் பொருந்த வேண்டும்.